ஈரம் காய்வதற்குள்

பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. சிங்காநல்லூரில் ஒரு காலி மைதானம், ஒரு பழைய ஸ்கூட்டர், என் தொண்டை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, பேரன் எடுத்தவர்களைக்கூட அவிநாசி ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் ஓட்ட வைத்திருக்கிறேன். என்னிடம் வந்து கடைசிவரை கற்றுக்கொள்ளாமல் போனவர் அந்த அக்கா ஒருவர்தான்.

அக்காவுக்குப் பயமெல்லாம் கிடையாது. வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று யார் வீட்டு கேட் முன்னாலோ பிரேக் விழும். பின்னால் உட்கார்ந்திருக்கும் என் மூக்கு அவர் கொண்டையில் இடிக்கும்.

"ஏனுங்கக்கா, நாய் ஏதாச்சும் குறுக்க வந்துதா?"

"இல்ல கண்ணு. அந்தத் தொட்டில ஒரு இலை இருக்குது பாரு, நரம்பு ஓடறது வேற மாதிரி இருக்குது. சித்தெ இரு, பின்பக்கம் பாத்துட்டு வந்தர்றேன்."

முன்பின் தெரியாத வீட்டில் பெல் அடிப்பார். கதவைத் திறந்தவர்களிடம் தண்ணீர் கேட்பதுபோலச் சாதாரணமாக, உங்க செடியோட இலையைத் திருப்பிப் பாக்கலாமுங்களா என்று கேட்பார். நடுரோட்டில் வண்டி நிற்கும். பின்னால் வருகிறவனிடம் திட்டு வாங்குவது நான். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க பின்னால உக்காருங்கக்கா, நானே ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மாறின இடம்தான். அதற்கப்புறம் அக்காவை வைத்துக்கொண்டு நான் சுற்றாத ஊர் இந்த ஜில்லாவில் கிடையாது.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். விடிந்ததும் வீடு வீடாகப் போய், காபிகூடக் குடிக்காமல் காத்திருக்கும் சர்க்கரைக்காரர்களிடம் ரத்தம் எடுத்து வரும் வேலை. ஒரு தோளில் ஐஸ் பெட்டி, இன்னொரு தோளில் துணிப்பை. ஐஸ் பெட்டியில் ஊரார் ரத்தம். துணிப்பையில் ஈரப் பஞ்சு, பூதக்கண்ணாடி, மெல்லிசான பெயின்ட் பிரஷ், விதை போட்டுக் கொடுப்பதற்குப் புது டியூபுகள். மொட்டை மாடிகளையும் பால்கனிகளையும் அக்கா அளவுக்கு உள்ளே போய்ப் பார்த்தவர் கோயமுத்தூரில் யாரும் இருக்க முடியாது.

அவருடைய பைத்தியம் ஒரே ஒரு குடும்பத்துச் செடிகள்மேல்தான். நம்மூர்ச் சேனை, சேம்பு, கருணைக்கிழங்கு இருக்கிறதல்லவா, அவற்றின் சொந்தபந்தம். மணி பிளான்ட்டும் பூச்செண்டுகளில் பிளாஸ்டிக் மாதிரிப் பளபளக்கிற ஆந்தூரியமும் அதே வகையறாதான் என்பது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உலகத்தில் எங்கெங்கோ மழைக்காட்டில் இருந்து வந்த, அபூர்வமான வகைகள் யாரிடமாவது இருக்கிறதா என்று மோப்பம் பிடிப்பார். பெயரைக் கண்டுபிடிப்பார். விதை எடுப்பார். எடுத்த விதையைக் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சும்மா கொடுப்பார்.

சும்மா கொடுப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விதைகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கம்பு, சோளம் மாதிரிக் காயவைத்து எடுத்துவைக்க முடியாது. பழத்தைப் பிதுக்கி எடுத்த பிறகு ஈரம் காய்ந்தால் உயிர் போய்விடும். ஈரத்திலேயே வைத்திருந்தாலும் சில நாளில் டியூபுக்குள்ளேயே முளைத்துச் சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் விதை கைக்கு வந்துவிட்டால் அக்காவால் ஓரிடத்தில் நிற்க முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலைப் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கை கழுவிவிடுவார். அவர் பக்கத்தில் இருந்தால் நமக்கும் ஏதோ பஸ்ஸை விடப்போகிற மாதிரியே இருக்கும்.

ஒருநாள் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பாலக்காட்டில் இருந்து ஒரு அம்மா வந்து விதை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அந்த அம்மா வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னது அக்காவின் காதில் விழவே இல்லை. அந்த நேரத்தில் பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு பெண் ஏறினாள். கையில் ரோஜாச் செடி வைத்த நர்சரிக் கவர். அவ்வளவுதான். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது, அக்கா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

"அம்மணி, இதப் புடிங்க. ஈர மண்ணு மேல தூவுங்க, மூட வேண்டாம். மேல ஒரு கண்ணாடி மூடி வெச்சுருங்க."

கையில் ரத்தம் எடுக்கிற டியூபைப் பார்த்து அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அக்காவோ மூச்சு வாங்க வந்து, "நல்ல கை கண்ணு அது, வளத்திருவா" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டால், ரோஜாவுக்கு வெயில் படாமல் துப்பட்டாவைப் போட்டிருந்தாளாம்.

இன்னொரு பக்கம், பெயர் விஷயத்தில் மட்டும் அக்காவிடம் விட்டுக்கொடுக்கிற பேச்சே கிடையாது. ஊரெல்லாம் செடிப் பைத்தியம் பிடித்து, இலைக்கு ஒரு விலை வைத்து விற்ற காலம் அது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி இது என்ன, அது என்ன என்று நாள் முழுக்கக் கேட்பார்கள். "பின்பக்கம் காட்டுங்க, காம்பைக் காட்டுங்க, எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க" என்று இவர் திருப்பிக் கேட்பார். அப்படியும் நிச்சயமாகாவிட்டால், "தெரியாதுங்க." அந்த ஒரு வார்த்தையால் அக்கா சம்பாதித்த விரோதம் கொஞ்சநஞ்சமல்ல. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பெரிய வீட்டு அம்மா, புதிதாக வாங்கிய செடியைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். கையில் ஊசி ஏறியிருக்கிறது. ரத்தம் டியூபில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அக்கா செடியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பேர் தப்புங்க, உங்கள ஏமாத்திப்போட்டாங்க" என்றார். அந்த வீட்டிலிருந்து அடுத்த மாதம் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுத்து, பஞ்ச வெச்சு அமுத்துன பொறவு சொல்லியிருக்கலாமல்லங்க்கா" என்றேன்.

"பேர் மாறுனா ரத்தம் மாறுன மாதிரி கண்ணு. ஒருத்தருக்குப் போட வேண்டியத இன்னொருத்தருக்குப் போட்டுட்டு, அப்பறமா சொல்றேன்னு இருக்க முடியுமா?"

அக்கா இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பால்கனியில் தொட்டி வைக்க அந்த அபார்ட்மென்டில் விடுவதில்லையாம். அவரை எப்படி ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வரும். நான் சொல்லவந்தது வேறு விஷயம். அது அந்த வால்பாறைச் செடி.

அக்காவின் அண்ணன் வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். அங்கே ஒரு பழைய பங்களாவை இடித்தபோது, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு செடியை அக்கா தூக்கிவந்தார். அரை முழ நீளத்துக்கு இலை. கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். தொட்டால் வெல்வெட். நரம்பெல்லாம் வெள்ளி ஜரிகை. திருப்பினால் அடிப்பக்கம் பீட்ரூட் சிவப்பு. காம்பை விரலில் உருட்டினால் உருளாது, நாலு பட்டையாக நிற்கும். இதையே படித்த வெளிநாட்டுக்காரர்களுக்குப் படமும் அளவும் அனுப்பி அனுப்பி, ஒரு வழியாகப் பெயரைக் கண்டுபிடித்தார். ஆந்தூரியத்தில் ஒரு வகை. அந்த லத்தீன் பெயர் என் வாயில் நுழையாது. அது முளைத்த வெளிநாட்டுக் காட்டையே வெட்டிவிட்டார்களாம். வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று அக்கா விசாரிக்காத ஆள் இல்லை. இல்லை என்றேதான் பதில் வந்தது.

"என்றகிட்ட மட்டும் இருக்குது கண்ணு. நினைச்சாலே பகீருங்குது" என்பார். மற்றவர்களாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே பெருமையடித்திருப்பார்கள்.

அதில் விதை பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பூவுக்கு நடுவில் நிற்கும் குச்சியில் முதலில் பனித்துளி மாதிரி ஈரம் அரும்பும். அப்போது அது பெண். அந்த ஈரம் காய்ந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் மகரந்தப் பொடி வரும். அப்போது அது ஆண். ஒரு பூ பொடி விடும் நேரத்தில் இன்னொரு பூ ஈரமாக இருந்தால்தான் பிரஷ்ஷால் தொட்டு வைக்க முடியும். அக்காவின் செடி ஒரு சமயத்தில் ஒரு பூதான் விடும். வருடக்கணக்கில் காத்திருந்து, ஒரு தடவை இரண்டு பூ சேர்ந்து வந்தது. அன்று காலையில் நாங்கள் காரமடையில் இருந்தோம். அங்கே ஒரு தோட்டத்துக்காரர் நிழலுக்குப் பச்சை வலை கட்டி, கலப்பு ஆந்தூரியங்களை வளர்த்து விற்பனை செய்துவந்தார். அவருக்கு மகரந்தம் தொட்டுவைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் வீட்டிலிருந்து போன் வந்தது, இரண்டாவது பூவின் குச்சி ஈரமாக மினுங்குகிறது என்று. வழியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் புதுப் பிரஷ் வாங்க ஒரு நிமிடம் நின்றதுதான். மற்றபடி மேட்டுப்பாளையம் ரோட்டில் நான் அப்படி ஓட்டியதே இல்லை.

காய் பிடித்தது. பழுக்க ஏழெட்டு மாதம் ஆனது. பழுத்ததும் வழக்கமான ஓட்டம். சூலூர், உக்கடம், காரமடை, பார்சலில் இன்னும் எங்கெங்கோ. ஒவ்வொரு டியூபிலும் அந்த லத்தீன் பெயரை முத்து முத்தாக எழுதி ஒட்டியிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். என் வீட்டில் கறிவேப்பிலையே நிற்காது, நான் வாங்கவில்லை. கடைசி டியூபைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறியபோது அக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினார். இனி அது தன் ஒருத்தியை நம்பி இல்லை என்ற நிம்மதி அவருக்கு.

அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைதானத்துக்கே வந்துவிட்டார். சர்ச்சுக்குப் போன சேலையைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு பெயின்ட் பிரஷ், பிளாஸ்டிக் கவரோடு.

"பையத் துவைக்கலாம்னு கொட்டுனேன் கண்ணு. இது அடில கெடந்துது. அன்னிக்கு வாங்குனது. கவரே பிரிக்கலை."

எனக்குப் புரியவில்லை.

"காரமடைல தொட்ட பிரஷ்லயே அவசரத்துல இதையும் தொட்டுப்போட்டேன். ஊசிய மாத்தாம ரெண்டு பேருக்குக் குத்துன மாதிரி."

"சரி, அதனால இப்ப என்னங்க்கா?"

"அவரு வெச்சிருக்கறது கலப்புச் செடி. அந்தப் பொடியும் ஒட்டியிருக்குமல்லோ. நான் குடுத்ததுல எது சுத்தம், எது கலப்புன்னு எனக்கே தெரியாது. மொத்தமுமே கலப்பா இருந்தாலும் இருக்கும். இலை பெருசாகோணும். ரெண்டு வருசமாகும்."

பயிற்சிக்கு வந்த பெண்ணை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அக்காவிடம் நான் சண்டை போட்டேன். "அப்ப ரெண்டு வருசம் வாயத் தொறக்காதீங்க. பேர் இருக்கற வரைக்கும்தான் அதுக்குத் தண்ணி ஊத்துவாங்க. பேரை எடுத்துட்டீங்கன்னா அது வெறும் சேம்பு நாத்து. தூக்கிப் போட்டுருவாங்க. உங்க செடியோட வம்சமே அதுலதான இருக்குது?"

"எனக்குத் தெரியாதா கண்ணு?" என்றார் அக்கா. பிரஷ்ஷை விரலில் திருப்பிக்கொண்டே இருந்தார். "ஆனா, அந்தப் பேர எழுதுனது நானு. நாளைக்கு அதுல இருந்து விதை எடுத்து, இதே பேர எழுதி, இன்னும் நாலு பேர்த்துக்குக் குடுப்பாங்க. வண்டிய எடு. மொதல்ல சூலூரு போலாம்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இருந்தும் வண்டியை எடுத்தேன்.

சூலூரில் ஒரு விசைத்தறிக்காரர் வீடு. அந்த வீட்டு அம்மாதான் விதை வாங்கியவர். தறிச் சத்தத்துக்கு மேலே அக்கா கத்திக் கத்தித் தப்பைச் சொன்னார். "அதனாலென்னங்க, செடிதானுங்க, நீங்க மோர் சாப்புடுங்க" என்று அந்த அம்மா சிரித்தார். அடுத்த முறை நான் அந்தப் பக்கம் போனபோது, நாற்றுத் தட்டில் கொத்தமல்லி முளைத்திருந்தது. உக்கடத்தில் பூனை தள்ளிவிட்டது என்றார்கள். பார்சலில் வாங்கியவர்கள் பதிலே போடவில்லை. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எல்லோரும் மரியாதையாகவே அதைச் சாகவிட்டார்கள்.

திட்டியவர் காரமடைக்காரர் ஒருவர்தான். அவர் திட்டும் ஒருமாதிரி மரியாதையோடுதான் வந்தது.

"நான் நாலு பேர்த்துகிட்ட இந்தப் பேரச் சொல்லிப்போட்டனுங்க. இப்ப வந்து கலப்புங்கறீங்க. ரத்த டெஸ்ட்டுலயும் இப்படித்தான் மாத்தி மாத்திச் சொல்லுவீங்களா? என்ற கையில எழுதுன லேபிள நான் எடுக்க மாட்டனுங்க. நீங்க போலாமுங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருடைய அப்பா அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் கூலிக்கு இருந்தவர். தோட்டத்து வாசலில் நின்று பேச்சு வாங்கும் அப்பாவைப் பார்த்து வளர்ந்ததாக ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். இந்த வாசலுக்குத் தானாக வந்து, தப்பு என்னுதுங்க என்று சொல்ல அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும். எனக்கு அந்த மனிதர்மேல் வந்த கோபத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

அந்த வருட ஐப்பசி மழையில் அக்காவின் தாய்ச் செடி வேர் அழுகிப் போயிற்று. அழுகலை வெட்டினார், கரித்தூள் பூசினார், வீட்டுக்குள் விளக்குப் போட்டு வைத்தார். ஒவ்வொரு இலையாகச் சரிந்தது. நான் பார்க்கப் போனபோது காலித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேனல்ல" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. பேசாமல் இருந்திருந்தால் ஊரில் எத்தனை இடத்தில் அது வளர்ந்துகொண்டிருக்கும். அதன் பிறகு ரத்தம் எடுக்கப் போன வீடுகளில் தொட்டிகள் பக்கம் திரும்பாமல் வருவதாகக் கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடம் போயிருக்கும். காரமடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "அந்த டெஸ்ட்டுக்கார அம்மாவச் சித்தெ கூட்டிட்டு வாங்க. இலையெல்லாம் பெருசாயிருச்சு. வந்து பாக்கட்டும்." குரலில் ஜெயித்த தோரணை. அக்காவிடம் சொன்னேன். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

வலைக்குள் ஒரு முழு வரிசை. எல்லாம் அந்த விதைகள்தான். ஒவ்வொரு தொட்டியிலும் தோட்டத்துக்காரர் தன் கையால் எழுதிச் செருகிய லேபிள், அதே லத்தீன் பெயர். ஊரில் இருந்த அத்தனை பேரும் தூக்கிப்போட்டிருக்க, அக்காவை விரட்டிய ஆள் வீம்புக்காக ஒன்றுவிடாமல் வளர்த்திருந்தார். எனக்கு அவரைப் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை.

அக்கா கை கழுவிவிட்டு வந்து முதல் தொட்டியின் இலையைத் திருப்பினார். அடிப்பக்கம் வெளிர் பச்சை. லேபிளைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தார். இரண்டாவது, சிவப்புக் கொஞ்சம் தெரிந்தது, காம்பை உருட்டினால் உருண்டது. அதையும் பிடுங்கினார். தோட்டத்துக்காரர் முகம் கறுத்தது. அக்கா நிற்கவில்லை. வரிசை பாதியைத் தாண்டியபோது அந்த மனிதரின் குரல் இறங்கியிருந்தது.

"இதச் சித்தெ நல்லாப் பாருங்க. இது அப்படியே இருக்குதுங்களே."

"இல்லீங்க."

அடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததும். நான் வலைக்கு வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தேன். ஒன்றிலாவது அந்தக் கை நிற்காதா என்று வேண்டிக்கொண்டேன். யாருக்காக வேண்டினேன் என்று கேட்டால், அந்த நிமிடம் இரண்டு பேருக்காகவும்தான்.

கடைசிக்குச் சற்று முன்னால், குழாய்க்குப் பின்புறம் ஒரு நோஞ்சான் செடி. மூன்றே இலை. அக்கா குனிந்து ஒரு இலையைத் திருப்பினார். விட்டார். மறுபடி திருப்பினார். காம்பை இரண்டு விரலில் வைத்து உருட்டப் பார்த்தார், உருளவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து நரம்பு நரம்பாகப் பார்த்தார். லேபிளைத் தொட்டு, சாய்ந்திருந்ததை நிமிர்த்தி, மண்ணில் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மிச்சம் இருந்தவற்றையும் பார்த்து முடித்தார். அவற்றில் ஒன்றுகூட இல்லை.

"அது ஒண்ணுதானுங்க" என்றார்.

தோட்டத்துக்காரர் கையில் பிடுங்கிய லேபிள்கள் ஒரு கட்டாக இருந்தன. இனி கத்தப்போகிறார் என்று நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டேன். அவர் அந்தச் செடிக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"வேற எங்கயும் இல்லீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்லீங்க. என்ற செடியும் செத்துப்போச்சு."

அவர் இலையை மெல்லத் தூக்கி அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். தலைக்கு மேல் வலையில் ஒரு கிழிசல் இருந்தது, அதைப் பார்த்தார். குழாய் சொட்டுவதைப் பார்த்தார்.

"காலைல வரைக்கும் ஒரு வரிசையே இருக்குதுன்னு நெம்ப நிம்மதியா இருந்தனுங்க. ஒண்ணு போனா ஒண்ணு இருக்குமல்லங்க. இப்படி ஒத்தையா வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க தூங்கறது?"

"தூக்கம் வராதுங்க" என்றார் அக்கா. "எனக்கும் வந்ததில்லீங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். துணைக்கு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் அது. அவரும் புடவையை ஒதுக்கிக்கொண்டு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். தொட்டியை எந்தப் பக்கம் மாற்றி வைப்பது, மழை வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். வண்டியை எடுக்கவா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். யாருக்கும் காதில் விழவில்லை.